கிராண்ட்பாஸ் பட்டறையில் ஒரு பழைய கால் வைஸ்: எந்தக் காலத்தது? திருகும் இறுகிக் கிடக்கிறது

பட்டறைவீட்டான் எழுதியது:

வணக்கம். இங்கே முதல் தடவை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிராண்ட்பாஸில் எங்கள் பெரியப்பாவின் பட்டறை இருந்தது. அப்பப்பா தொடங்கியது. பெரியப்பா நாற்பது வருடத்துக்கு மேல் நடத்தினார். கேற், கிரில், தள்ளுவண்டி அச்சு என்று எல்லாம் செய்வார். அப்பப்பா காலத்தில் மாட்டு வண்டிச் சில்லுக்குப் பட்டம் போடுவதுதான் முக்கிய வேலையாம். போன வருடம் பெரியப்பா தவறிப்போனார். காணியும் கைமாறிவிட்டது. இந்த மாத முடிவுக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திறப்பைக் கொடுக்க வேண்டும்.

துருத்தி எப்போதோ உக்கிப்போய்விட்டது. பட்டடையை வத்தளையில் இருக்கும் மச்சான் எடுத்துக்கொண்டார். மிச்ச இரும்புக்கெல்லாம் பஞ்சிகாவத்தையிலிருந்து ஒருவர் வந்து கிலோ விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். அவர் போட்ட கணக்கில் ஒரு லெக் வைஸும் அடக்கம். இரும்பை இரண்டு தாடைக்கு நடுவே திருகால் இறுக்கிப் பிடிக்கிற, தரைவரை கால் நீண்ட கருவி அது. அதை மட்டும் நான் இன்னும் விடவில்லை.

எனக்குத் தெரிந்த மட்டில் விவரம் இதுதான். பலாப் பலகை மேசையின் ஓரத்தில் நிற்கிறது. அசையாத தாடையின் கால் நேரே தரைவரை இறங்கி, தரையில் பதித்த கருங்கல்லில் குடைந்த குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தாடையின் அகலம் 5 அங்குலம். தரையிலிருந்து தாடையின் மேல் விளிம்புவரை 41 அங்குலம். இரண்டு தாடைக்கும் நடுவே ஒரு தகட்டு வில் இருக்கிறது. லொறி வில்லை வெட்டிப் போட்டதுபோல் தெரிகிறது. மேசையோடு சேரும் இடத்தில் ஒரு இரும்புப் பட்டை வளைந்து காலைச் சுற்றி வந்து, ஆப்பு அடித்து இறுக்கப்பட்டிருக்கிறது. கீழே தாடைகள் சேரும் இடத்தில் அறுகோண நட் போட்ட போல்ட். கைப்பிடியின் இரு முனையிலும் எலுமிச்சங்காய் அளவில் உருண்டைகள். எழுத்தோ முத்திரையோ என் கண்ணில் படவில்லை. மேலெல்லாம் கறளும் கிரீஸும் சேர்ந்து தார் பூசினதுபோல் இருக்கிறது.

திருகு அசையவே இல்லை. தாடைகள் மூன்று விரல் அகலத்துக்குத் திறந்தபடி நிற்கின்றன. எங்களுக்குத் தெரிந்த ஒரு வெல்டிங் பாஸ் வந்து பார்த்தார். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயை கேஸ் டோர்ச்சால் சிவக்கக் காய்ச்சினால் கழன்றுவிடும் என்கிறார். சனிக்கிழமை வருகிறார்.

பெரியப்பா எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து சொன்ன கதை: வெள்ளைக்காரன் ரயில் பாதை போட்ட காலத்துச் சாமான் இது, அப்பப்பா ஏலத்தில் எடுத்தது. அதற்குக் கடதாசி ஒன்றும் கிடையாது. வைஸைப் பார்த்தே காலத்தைச் சொல்ல முடியுமா? அப்படி முடியுமென்றால் எங்கே பார்க்க வேண்டும்?

விற்பதற்காகக் கேட்கவில்லை. பெரியப்பா கைப்பிடியை விட்டதும் அது தன் பாரத்தில் சறுக்கி இறங்கி, உருண்டை திருகின் தலையில் "டக்" என்று முட்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தச் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். அந்தச் சாமான் என்ன, எவ்வளவு காலம் உழைத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது.


இரும்புத்தூள் எழுதியது:

இந்த மாதிரிக் கால் வைஸ் இந்தியாவில் இன்றைக்கும் செய்கிறார்கள். குவாரி ரோட் பக்கம் கேட்டால் புதிதாகவே எடுக்கலாம். முத்திரை இல்லை, அறுகோண நட், லொறி வில் என்றால் அவ்வளவு பழையதாக எனக்குப் படவில்லை. அறுபது எழுபது வருடம் இருக்கலாம். இறுகின திருகுக்கு டோர்ச்தான் வழி. பத்து நிமிட வேலை.


பழைய_ஃபிட்டர் எழுதியது:

தம்பி, சனிக்கிழமை வரவேண்டாம் என்று அந்த பாஸுக்கு இப்போதே ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

காரணம் இதுதான். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நீங்கள் சொன்ன குழாய்தான் இந்த வைஸின் நட். பொக்ஸ் என்பார்கள். புரி அதற்குள்ளேதான் இருக்கிறது. இன்றைக்கு நட் செய்தால் உள்ளே புரியை வெட்டுகிறோம். அந்தக் காலத்துக் கொல்லருக்கு அவ்வளவு பருமனான சதுரப் புரியை, ஒரு சாணுக்குக் கிட்ட ஆழமுள்ள குழாயின் உட்சுவரில் வெட்டுவது பெரும்பாடு. அதனால் வேறு வழி செய்தார்கள். திருகின் பள்ளத்தில் ஒரு இரும்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி உருவம் எடுத்தார்கள். அந்தச் சுருளைக் குழாய்க்குள் செருகி, பித்தளையும் வெண்காரமும் இட்டு உலையில் காய்ச்சினார்கள். பித்தளை உருகி ஓடி, சுருளைச் சுவரோடு ஒட்டிவிடும். உள்புரி ஆயிற்று. ஒவ்வொரு பொக்ஸும் தன் திருகுக்காகவே பிறந்தது. இன்னொரு வைஸின் திருகு அதில் ஏறாது.

பித்தளை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸில் உருகும். கேஸ் டோர்ச்சுக்கு அது ஒரு சூடே இல்லை. உங்களுடைய பொக்ஸ் இந்த வகையாக இருந்து, பாஸ் அதைச் சிவக்கக் காய்ச்சித் திருகை முறுக்கினால், சுருள் சுவரை விட்டுக் கழன்று திருகோடு சேர்ந்து சுற்றும். பிறகு அந்த வைஸ் ஒன்றையும் பிடிக்காது. அப்போது அது கிலோ விலைக்குத்தான் சரி. நான் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். காய்ச்சினவர் நல்ல வேலைக்காரர். பொக்ஸின் வாயிலிருந்து மஞ்சளாக ஒரு துளி ஒழுகி நிலத்தில் விழுந்தபோதுதான் அவருக்கே விளங்கியது.

ஆகவே முதல் வேலை, பொக்ஸின் வாயைப் பார்ப்பது. திருகு கழலாமலே பார்க்கலாம். தாடை மூன்று விரல் திறந்திருக்கிறது என்றீர்கள், நல்லதாய்ப் போயிற்று. முன் தாடையைப் பின் தாடையோடு சேர்த்து நெருக்கிக் கயிற்றால் கட்டுங்கள். வில் எதிர்க்கும், இரண்டு பேர் பிடியுங்கள். இப்போது திருகின் தலைக்கும் முன் தாடைக்கும் நடுவே இடைவெளி வந்திருக்கும். ஒரு மரக்கட்டையை வைத்துத் திருகின் தலையில் மெல்லத் தட்டினால், திருகும் பொக்ஸும் ஒன்றாகப் பின்னால் போகும். பொக்ஸின் மூக்கு தாடையின் துளையை விட்டு வெளியே வரும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் வாயைத் துடைத்துவிட்டு டோர்ச் லைட் அடித்துப் பாருங்கள். புரியின் அடியும் சுவரும் சேரும் இடத்தில் மஞ்சள் கோடு தெரிகிறதா என்பதுதான் கேள்வி. பொக்ஸின் வெளிப்புறத்திலும் நீளவாக்கில் அப்படி ஒரு கோடு இருக்கலாம். தகட்டைச் சுருட்டிக் குழாயாக்கி, அந்த மூட்டையும் பித்தளையால் ஒட்டினவை உண்டு.

மஞ்சள் இல்லாமல் புரி சுவரிலிருந்தே வெட்டி எடுத்ததாக இருந்தால், அது பிந்திய முறை. 1800ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மோட்ஸ்லி புரி வெட்டும் கடைசல் இயந்திரத்தைத் திருத்தமாகச் செய்துவைத்த பிறகு, புரி வேலை மெல்ல மெல்லக் கொல்லரின் கையிலிருந்து இயந்திரத்துக்குப் போனது. வைஸ் பொக்ஸுக்கு அது வந்துசேர இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. டட்லியில் இருந்த பீட்டர் ரைட் முதலானவர்கள் "சொலிட் பொக்ஸ்" என்று பெருமையாக முத்திரை குத்தி விற்றார்கள். உள்ளே ஒட்டு வேலை இல்லை, ஒரே இரும்பு என்று வாங்குகிறவருக்குச் சொல்வதற்காக. அந்த முத்திரை பொக்ஸின் பின்முனையில் இருக்கும். அங்கேயும் துடைத்துப் பாருங்கள்.

அடுத்தது பிடி. மேசையோடு பிடிக்கும் பட்டை. மிகப் பழைய வைஸ்களில் அதைத் தச்சு வேலை மாதிரி முளையும் துளையுமாகக் கோத்திருப்பார்கள். உங்களுடையது யூ வடிவ வளையமும் ஆப்பும் என்பதால் அந்த முதல் கூட்டத்தில் சேராது. 19ஆம் நூற்றாண்டில் பரவினது இந்த வகைதான்.

மூன்றாவது, இரும்பு. கல் குழிக்குள் இருக்கும் கால் நுனி கறள் தின்றிருக்கும். வெளியே எடுத்ததும் அதைப் பாருங்கள். தேங்காய்த் தும்பு மாதிரி நீளவாக்கில் நார் நாராகப் பிரிந்திருந்தால் அது தேனிரும்பு, மலிவான உருக்கு வருவதற்கு முன் கொல்லர் பாவித்த இரும்பு. உருக்கு அப்படிப் பிரியாது, குழி குழியாகத்தான் அரிக்கும். ஹென்றி பெஸமர் தன் உருக்கு முறையை அறிவித்தது 1856இல். ஆனால் அதற்குப் பிறகும் கனகாலம் கொல்லர்கள் தேனிரும்பையே விரும்பினார்கள், நெருப்பில் வைத்து அடித்தால் நன்றாக ஒட்டும் என்பதற்காக. தேனிரும்பு உடம்பென்றால் தாடையின் வாயில் மட்டும் உருக்குத் தகடு ஒட்டியிருப்பார்கள். தாடையின் பக்கவாட்டில், மேலிருந்து கால் அங்குலம் கீழே, மயிரிழை போல் ஒரு கோடு ஓடும். தயவுசெய்து அதைக் கிரைண்டர் போட்டுத் தேடாதீர்கள். அந்தத் தகடுதான் வைஸின் பல். தேய்த்தால் திரும்ப வராது.

இரும்புத்தூள் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் இன்றும் செய்கிறார்கள் என்பது உண்மைதான், நல்ல வைஸ்களும் வருகின்றன. ஆனால் புதியவற்றில் எங்காவது ஓர் இடத்தில் மின்வெல்டிங் தழும்பு இருக்கும், பிடியிலோ, கீழே அச்சுப் போல்ட் ஓடுகிற காதிலோ. அது 20ஆம் நூற்றாண்டு வேலை. பழையதில் காது நெருப்பில் ஒட்டப்பட்டிருக்கும், மூட்டு எங்கே என்று தேடத்தான் வேண்டும். நட்டையும் வில்லையும் வைத்துக் காலம் சொல்லக் கூடாது. அவை தேய்ந்தால் மாற்றுகிற சாமான்கள். தம்பி, அந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் சரியாக உட்காருகிறது என்று மட்டும் போட்டுப் பாருங்கள்.

நான் 1969இல் வேலை பழகப் போனேன். மூன்றாவது மாதம், வார்ப்பிரும்பு மேசை வைஸில் ஒரு தடித்த கம்பியைப் பிடித்துச் சம்மட்டியால் வளைத்தேன். தாடை துண்டாக உடைந்து காலடியில் விழுந்தது. மேற்பார்வையாளர் ஏசவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டுபோய் மூலையில் நின்ற கால் வைஸின் முன்னால் நிறுத்தி, அதே கம்பியைப் பிடிக்கச் சொல்லி, "இப்ப அடி" என்றார். அடித்தேன். மேசை அசையவில்லை. அடி காலோடு இறங்கித் தரைக்குப் போனதை என் உள்ளங்கால் உணர்ந்தது. இந்தச் சாமானுக்கு ஏன் ஒரு கால் வைத்தார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. கால் நிற்கிற குழி கல்லில் இருக்கிறது என்று நீங்கள் எழுதினதைப் பார்த்ததும் உங்கள் அப்பப்பா வேலை தெரிந்தவர் என்று தெரிந்துகொண்டேன்.


ஹட்டன்காரன் எழுதியது:

நல்ல கதை நடக்கிறது. நான் இப்போது தெஹிவளையில் இருந்தாலும் வளர்ந்தது ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில். தொழிற்சாலைப் பட்டறையில் இதே மாதிரி ஒன்று நின்றது, தாடை 6 அங்குலம். அப்பா அதில்தான் தேயிலை ரோலருக்கு வேண்டிய சில்லறைச் சாமான் எல்லாம் அராவுவார். பொக்ஸின் பின்முனையில் "சொலிட் பொக்ஸ்" என்ற எழுத்து வட்டமாக இருந்தது. "இங்லண்ட்" என்றும் காலில் குத்தியிருந்தது. பெரிய துரை, அதாவது தோட்ட மனேஜர், அது கோப்பிக் காலத்துச் சாமான் என்று சொல்வாராம். ஃபிட்டர் ஐயா, அது சரியாக இருக்குமா?

பட்டறைவீட்டான் அண்ணா, விட்டுவிடாதீர்கள். எங்கள் வைஸ் தொழிற்சாலை மூடினபோது எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியாது.


பட்டறைவீட்டான் எழுதியது:

ஐயா, பாஸை மறித்துவிட்டேன். நீங்கள் எழுதினதை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பார்க்கும்போது நானும் வருகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை மச்சானும் வந்தார், மூன்று பேருமாகப் பார்த்தோம்.

நெருக்கிக் கட்டுவதற்கு மட்டும் ஒரு மணித்தியாலம் போனது. லொறி வில் அப்படி எதிர்த்தது. பிறகு வேப்பங்கட்டையை வைத்துத் திருகின் தலையில் தட்டினோம். ஏழாவது எட்டாவது தட்டில் பொக்ஸ் ஒரு அங்குலம் பின்னால் போனது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கத் துடைக்கக் கறுப்பாகவே வந்தது. மூன்று துணி மாற்றினோம். பாஸ்தான் டோர்ச் லைட்டைப் பிடித்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. லைட்டைச் சரித்துப் பிடித்ததும் புரியின் முதல் சுற்று அடியில் மின்னியது. தாலிக்கொடி மாதிரி மெல்லிய மஞ்சள் கோடு, அரைச் சுற்றுக்கு அப்படியே தொடர்ந்து போகிறது. ஒரு இடத்தில் பித்தளை கொஞ்சம் கூடுதலாக ஓடி, சொட்டு ஒன்று சுவரில் உறைந்து நிற்கிறது. அதை உருக்கி ஊற்றினவர் நேற்றுத்தான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோன மாதிரி இருந்தது. பாஸ் லைட்டை என் கையில் தந்துவிட்டு வெளியே போய் நின்றார்.

பொக்ஸின் வெளிப்புறத்தில் நீளவாக்கில் கோடு தெரியவில்லை. ஆனால் மூன்று வளையங்கள் அலங்காரமாகக் கடைந்திருக்கிறது, கிரீஸுக்குள் மறைந்து கிடந்தது. பின்முனையில் எழுத்து இல்லை. காலின் மேல்பகுதி சதுரம், நடுவில் மூலைகள் சீவப்பட்டு எட்டுப் பட்டையாகி, கீழே உருண்டையாக முடிகிறது. தாடையின் பக்கத்தில் அந்த மயிரிழைக் கோடு இருக்கிறது, ஒரு தாடையில் நன்றாகத் தெரிகிறது. வெல்டிங் தழும்பு எங்கும் இல்லை. அதைத் தேடினது பாஸ். கால் நுனியைக் குழியிலிருந்து தூக்கிப் பார்த்தோம். தும்பு என்று நீங்கள் சொன்னது அப்படியே சரி. நகத்தால் ஒரு நாரை உரிக்கலாம் போல் இருந்தது, உரிக்கவில்லை.

நட்டுக்கு 24 மில்லிமீட்டர் ஸ்பானர் சரியாக உட்காருகிறது.


பழைய_ஃபிட்டர் எழுதியது:

மிக நல்லது. அந்தச் சொட்டை எழுதினீர்களே, அதை மூன்று தடவை வாசித்தேன்.

24 ஸ்பானர் என்றால் 16 மில்லிமீட்டர் போல்ட். நான் வேலை பழகினபோது எங்கள் கையில் இருந்ததெல்லாம் விட்வொர்த், அந்த அளவுமுறை 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்தது. மில்லிமீட்டர் போல்ட் எங்கள் பட்டறைகளுக்குப் பிறகுதான் வந்தது. ஆக அச்சும் வில்லும் உங்கள் பெரியப்பா கையால் மாற்றினவை. மாற்றின விதத்தில் ஒரு குறையும் இல்லை. அவற்றை எடுத்துவிட்டுப் "பழையது" தேடிப் போட வேண்டாம். அதுவும் இந்த வைஸின் வயதில் சேர்ந்ததுதான்.

மற்ற உடம்பு முழுதும் ஒரே காலத்து வேலை. ஒட்டுப் புரி, தேனிரும்பு, உருக்கு வாய், யூ வளையமும் ஆப்பும், கடைந்த வளையங்கள், சீவின கால். இங்கிலாந்து வேலை என்பதே என் எண்ணம். காலம் 1830க்கும் 1870க்கும் இடையில் என்று சொல்வேன். இதற்குமேல் குறுக்கிச் சொல்லமாட்டேன். ஒட்டுப் புரி ஒரே நாளில் நின்றுபோகவில்லை. ஒரு ஊரில் சொலிட் பொக்ஸ் செய்துகொண்டிருக்க, அடுத்த தெருவில் பழைய முறைப்படி சுருள் சுற்றிக்கொண்டிருந்திருப்பார்கள். ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து வருடம் சொல்கிறவரை நம்ப வேண்டாம். நான்கைந்து அடையாளம் ஒரே பக்கம் காட்டினால்தான் பேசலாம்.

பெரியப்பாவின் ரயில் கதைக்கு வருவோம். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவரை பாதை திறந்தது 1865இல். அந்த வேலைக்கு வந்திறங்கிய கருவிகளில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம், காலம் பொருந்துகிறது. வைஸ் அந்தக் கதையை நிரூபிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. நான் நீங்களாக இருந்தால், பெரியப்பா சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே ஒரு கடதாசியில் எழுதி, திகதி போட்டு, வைஸோடு வைப்பேன்.

ஹட்டன்காரன் தம்பிக்கு: "இங்லண்ட்" என்ற சொல் உங்களுக்கு நல்ல அடையாளம். அமெரிக்கா 1890இல் மெக்கின்லி சுங்கச் சட்டம் கொண்டுவந்து, இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று விதித்தது. அதற்குப் பிறகு ஆங்கிலேயச் சாமான்களில் அந்தச் சொல் அதிகமாகக் காணப்படும். கோப்பியை இலைநோய் பிடித்தது 1869இல், அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி முடிந்தது. உங்கள் வைஸ் அநேகமாகத் தேயிலைக்கென்றே வந்தது. துரை சொன்னதைவிட இளையது. அதனால் அது குறைந்த சாமான் ஆகிவிடாது. சொலிட் பொக்ஸ் என்றால் உழைப்புக்கு இன்னும் உறுதி.

பட்டறைவீட்டான், இப்போது திருகு. கியர் ஒயிலும் மண்ணெண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து, பொக்ஸின் வாயில் காலையும் மாலையும் விடுங்கள். வைஸைச் சரித்து, வாய் மேலே பார்க்க வைத்தால் உள்ளே இறங்கும். ஒரு கிழமை பொறுங்கள். பிறகு கேத்தலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து பொக்ஸின் மேல் மட்டும் ஊற்றுங்கள், திருகில் படாமல். நூறு பாகையில் பித்தளைக்கு ஒன்றும் ஆகாது, குழாய் மட்டும் ஒரு நூலளவு விரியும். உடனே கைப்பிடியைப் பிடித்து இறுக்குகிற பக்கம் ஒரு தட்டு, தளர்த்துகிற பக்கம் ஒரு தட்டு. நீளக் குழாய் மாட்டி முறுக்கக் கூடாது. மயிரளவு அசைந்தால் போதும், அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு மறுபடி ஒயில் விடுங்கள்.

கழன்ற பிறகு திருகின் தலைக்கும் முன் தாடைக்கும் நடுவே இருக்கும் வளையத்தை மறக்காதீர்கள். அதன் ஒரு பக்கம் குழிவாக இருக்கும். தாடை திறக்கத் திறக்கச் சரிவு மாறும், அந்தச் சரிவுக்குத் திருகை விட்டுக்கொடுக்க வைப்பது அந்தக் குழிவுதான். அங்கே கிரீஸ் வேண்டும். கறளுக்குக் கம்பி பிரஷ் போதும். பெயின்ற் வேண்டாம். வெயிலில் வைத்துச் சூடேறினதும் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசித் துடைத்துவிடுங்கள். கொழும்புக் கடற்காற்றுக்கு வருடம் இரண்டு தடவை பூச வேண்டியிருக்கும்.


இரும்புத்தூள் எழுதியது:

ஐயா சொன்னது எனக்குப் புதிது. நட்டைப் பார்த்துச் சொன்னது என் பிழை. என்னிடம் பஞ்சிகாவத்தையில் வாங்கின ஒன்று இருக்கிறது, இன்றைக்கே பொக்ஸைத் துடைத்துப் பார்க்கிறேன்.


பட்டறைவீட்டான் எழுதியது:

பதினொரு நாள் பிடித்தது. ஒன்பதாம் நாள் வரைக்கும் ஒரு அசைவும் இல்லை, நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். பாஸ் விடவில்லை. வேலை முடிந்து போகிற வழியில் தினமும் வந்து ஒயில் விட்டுவிட்டுப் போனார். நேற்று மாலை மூன்றாவது கேத்தல் தண்ணீருக்குக் கால் சுற்று வந்தது. நின்றது. எதிர்ப்பக்கம் தட்டினோம். அரைச் சுற்று. பிறகு கறுப்பு ஒயிலும் செங்கறளும் குழைந்து வாயோரம் வழிய, திருகு முழுக்க வெளியே வந்தது. உள்ளே புரி கடைசிவரை நன்றாக இருக்கிறது, முதல் இரண்டு சுற்றில் மட்டும் தேய்மானம். துடைத்து, கிரீஸ் போட்டு மறுபடி பூட்டினோம். கைப்பிடியை நான் பிடித்து விட்டேன். இறங்கி முட்டியது. அதே சத்தம்தான். மச்சான் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை.

பஞ்சிகாவத்தைக்காரர் இன்று காலை லொறி கொண்டுவந்தார். வைஸ் கணக்கில் இல்லை என்றதும் சரி என்று விட்டுக்கொடுத்தார், தன் தராசில் ஏற்றி நிறுத்தும் தந்தார். 31 கிலோ, இறாத்தல் கணக்கில் 68.

வத்தளையில் மச்சானின் ஷெட்டுக்குள், பட்டடைக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறது. மேசையையும் கழற்றி எடுத்துவிட்டோம். கருங்கல்லை எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. தரையை உடைத்துத் தோண்டினால், கல் ஒன்றரை அடி ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது, சுற்றிவரச் சுண்ணாம்புச் சாந்து. காணி வாங்கினவரிடம் கேட்டோம், எடுத்துக்கொள்ளச் சொன்னார். மேல்பக்கத்தில் கால் நிற்கிற குழி. தூக்கிக் கவிழ்த்தபோது அடிப்பக்கத்திலும் அதே மாதிரி ஒரு குழி இருக்கிறது, தேய்ந்து வாய் அகன்றது. ஒரு பக்கம் தேய்ந்ததும் கல்லைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். ஐயா, ஒரு குழி அவ்வளவு தேய எத்தனை காலம் எடுக்கும்?


பழைய_ஃபிட்டர் எழுதியது:

அதற்கு என்னிடம் கணக்கில்லை தம்பி. எங்கள் வேலைத்தலத்தில் கால் நின்றது இரும்புத் தகட்டில். அந்தக் கல்லைப் படம் எடுத்துப் போடுங்கள், இரண்டு பக்கமும். குழியின் ஆழத்தையும் வாயின் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். வத்தளையில் பதிக்கும்போது தேய்ந்த பக்கம் கீழே இருக்கட்டும், முன்னர் இருந்தபடியே.